ஈறு நிறச் சுவரும் ஒரு லேப்டாப்பும்

நவம்பர் 4, செவ்வாய். ஸ்கூடாய்.

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. இன்று செய்ய வேண்டியவை: சலவை, தரைப்படத் திருத்தம், அம்மாவுக்கு போன். மூன்றும் நடக்கவில்லை.

உள்ளலங்கார வடிவமைப்பு வகுப்பில் இடைக்கால மதிப்பாய்வு. குழந்தைகளுக்கான பல் மருத்துவமனை, காத்திருப்பு அறை. அதுதான் இந்தப் பருவம் முழுவதற்குமான வேலை. சுவருக்கு இதமான ஒரு கிரீம் நிறம் தேடித் தேடிப் போட்டிருந்தேன். புரொஜெக்டரில் படம் விழுந்ததும் வகுப்பே சிரித்தது. விரிவுரையாளர் மிஸ் டான் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். ஆங்கிலத்தில் மெதுவாகத்தான் கேட்டார்: "ரீட்டா, இது கிரீமா? எனக்கு ஈறு மாதிரித் தெரிகிறதே."

பல் மருத்துவமனையில் ஈறு நிறச் சுவர். நோயாளி நேரே வாய்க்குள் போய் உட்காரலாம் என்று பின்வரிசையில் யாரோ.

"என் லேப்டாப் திரை சரியில்லை மிஸ்" என்றேன். பொய் இல்லை. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் ஆன்லைனில் வாங்கியது. திரை மங்கி, ஓரமெல்லாம் மஞ்சள். ஒரு அறையைப் படமாக்கச் சொன்னால் விசிறி அலறுகிறது, பாதியில் அணைகிறது. கல்லூரிக் கணினிக் கூடத்தில் வேலை செய்யலாம் என்றால் அங்கே ஒவ்வொரு திரையும் ஒரு நிறம் காட்டுகிறது. மிஸ் டான் கேட்டுக்கொண்டார். பிறகு: "போன பருவமும் இதைத்தான் சொன்னாய்."

போன பருவம் தட்டுத்தடுமாறித் தேறினேன். இந்த முறை தேறாவிட்டால் பருவத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். அதற்குக் கல்விக் கடன் வராது. இறுதி மதிப்பாய்வு டிசம்பரில்.

ஆக, வேறு லேப்டாப். வேறு வழியில்லை.

யாரிடமும் சொல்லாதது: கோளாறு திரையிலா, என் கண்ணிலா? நல்ல லேப்டாப் வாங்கியும் சுவர் ஈறாகவே வந்தால்? அப்புறம் சொல்ல ஒரு சாக்குகூட மிஞ்சாது.


நவம்பர் 6, வியாழன்.

வெயில். பிறகு மழை. சாப்பாடு நாசி லெமாக், இரண்டு முறை.

மண்டை காய்கிறது. இரண்டு நாளாக லேப்டாப் வீடியோ பார்க்கிறேன். எல்லாரும் ஒரே மாதிரிக் கத்துகிறார்கள்.

தேறியவை:

க. கேமிங் லேப்டாப், புதியது. முப்பரிமாணப் படத்தைச் சட்டென்று முடித்துவிடும். சீனியர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்கிறார்கள். எடை, அரிசி மூட்டை. நம் விலைக்குக் கிடைப்பதில் திரை வெளிறியது. விசைப்பலகையில் சிவப்பு, பச்சை விளக்கு வேறு, கிறிஸ்துமஸ் குடில் மாதிரி.

ங. மெலிசு. அழகோ அழகு. வேலைக்கு ஆகாது.

ச. சிங்கப்பூர் அலுவலகங்கள் கழித்துவிட்ட வகை, ஜொகூர் பாருவில் விற்கிறார்கள். வடிவமைப்பு வேலைக்கென்றே செய்தது. திரை அருமையாம். ஆனால் யார் கைபட்டதோ, எத்தனை வருடம் உழைத்ததோ. பேட்டரியை நம்ப முடியாது.

அறைத்தோழி கவிதா கணக்கியல் படிக்கிறாள். பண்டார் தெங்காராக்காரி. கட்டிலில் படுத்தபடியே என் பட்டியலைப் படித்தாள்.

"இது என்னடி, மாப்பிள்ள பாக்குற மாதிரி. ஒண்ணு குண்டு, ஒண்ணு ஒல்லி, ஒண்ணு ரெண்டாங்கல்யாணம்."

"நீ எத எடுப்ப?"

"எனக்கு எக்செல் தொறந்தா போதும் லா."

கொடுத்துவைத்தவள்.


நவம்பர் 8, சனி. லாயாங் லாயாங்.

வீடு. நேற்று மாலை அப்பா காரில், எங்கள் பேச்சில் காடியில், வந்து கூட்டிவந்தார். வழி நெடுக செம்பனை, மழை, மறுபடி செம்பனை. பேச வேண்டியதை ரெங்கம் சாலை வரும்வரை ஒத்திப்போட்டு, பிறகு வீடு வரும்வரை ஒத்திப்போட்டு, இன்று காலை ரொட்டி சானாய் பிய்க்கும்போது சொன்னேன்.

அப்பா சிங்கப்பூரில் மின்தூக்கி பழுதுபார்க்கிற வேலை. வாரநாளில் ஜொகூர் பாருவில் நண்பரோடு தங்கி, தினம் மோட்டார் சைக்கிளில் காஸ்வே கடல்பாலம் தாண்டுகிறார். அந்த மோட்டார் கிழம். புதிது வாங்க ஒரு தொகை ஒதுக்கிவைத்திருக்கிறார், எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"மோட்டாருக்கு என்னா அவசரம். அது ஓடுது" என்றார்.

"நிக்குதுப்பா அடிக்கடி."

"நின்னா தள்ளலாம். ஒன் லேப்டாப்ப தள்ள முடியுமா?"

அம்மா அடுப்படியிலிருந்து: "அந்தப் பழசு ஏன் கெட்டுப்போச்சு தெரியுமா? மந்திரிக்கல. ஆன்லைன்ல வந்துச்சு, அப்படியே தொறந்துட்ட. காடிய மந்திரிச்சோம், இன்னிக்கும் ஓடுது. தையல் மிஷின மந்திரிச்சோம். இத மட்டும் விட்டுட்டோம்."

எங்கள் வீட்டில் புதுச் சாமான் எது வந்தாலும் ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகுதான் கைவைப்பது. அப்பாவின் மோட்டாரும் மந்திரித்ததுதானே என்று கேட்க நினைத்தேன். ரொட்டியை வாயில் போட்டு அடக்கிக்கொண்டேன்.


நவம்பர் 15, சனி. இரவு, வீட்டில்.

வாங்கியாயிற்று.

ஜொகூர் பாருவில் கடை. அப்பா, அம்மா, நான். பெயிண்ட் கடையில் வாங்கிய நிற அட்டையைப் பையில் வைத்திருந்தேன். சிறுசிறு கட்டங்களில் நிறமும் அதன் எண்ணும். அந்த எண்களைத் தம்ப் டிரைவில் படமாகப் போட்டு எடுத்துப்போய், ஒவ்வொரு திரையிலும் திறந்து, பக்கத்தில் அட்டையைப் பிடித்துப் பார்த்தேன். கடையில் வேலை செய்யும் தமிழ்ப் பையன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். பார்க்கட்டும்.

கேமிங்கில் அட்டையின் கிரீம் சாம்பலாயிற்று. மெலிசில் நீலமடித்தது. சிங்கப்பூர்க் கழிவில் அட்டையும் திரையும் ஒன்றாக நின்றன. எவ்வளவு நேரம் பார்த்தேனோ, அப்பா வெளியே போய் தே தாரிக் குடித்துவிட்டே வந்துவிட்டார்.

இரண்டாயிரத்து நானூறு வெள்ளி. அப்பா எண்ணிக் கொடுக்கையில் நான் வேறுபக்கம் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் கூத்து. நான் பார்த்தது காட்சிக்கு வைத்தது. எங்களுக்குக் கொடுத்தது அதே வகையில் வேறொன்று, உள்ளிருந்து பெட்டியோடு வந்தது. பையன் ஆன் செய்து காட்டப் போனான். அம்மா அவன் கையைப் பிடித்துவிட்டார்.

"தொறக்காத தம்பி. இன்னும் மந்திரிக்கல."

"ஆன்ட்டி, இது செகண்ட் ஹேண்ட் சாமான் லா. ஆன் பண்ணிப் பாத்துட்டுதான் எடுக்கணும்."

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும். பெட்டியக் கட்டு."

பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா கூரையைப் பார்த்தார். நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. புது மோட்டாரை எனக்காக விட்டுக்கொடுத்த குடும்பத்தின் நடுவில் நின்றுகொண்டு அம்மாவோடு எப்படி மல்லுக்கட்டுவது? கோளாறு இருந்தால் ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் வேறொன்று மாற்றிக் கொடுப்பார்களாம். அடுத்த சனியோடு சரி. தண்ணீர் பட்டுக் கெட்டால் பொறுப்பில்லை.

பயன்படுத்திய லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கிய ஒரே வடிவமைப்பு மாணவி நானாகத்தான் இருப்பேன்.


நவம்பர் 16, ஞாயிறு.

ஃபாதர் எங்கள் சின்னக் கோயிலுக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருவார். போன வாரம் வந்துவிட்டார். அடுத்தது 23.

அடுத்த ஞாயிறு. கடைக்காரன் கெடு முந்தின சனியோடு முடிகிறது. காலையில்தான் உறைத்தது.

"ஃபாதர் இருக்குற குளுவாங் கோயிலுக்கே போயி இன்னைக்கே மந்திரிச்சிடலாம்மா."

"ஃபாதர் தியானத்துக்கு மலாக்கா போயிருக்காரு. வந்துருவாரு. ஒரு வாரம் பொறுக்க முடியாதா?"

"நான் எடுத்துட்டாவது போறேனே. தொறக்க மாட்டேன்."

"நீயா?"

பெட்டி வரவேற்பறையில், இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே. மேலே ஒரு லேஸ் துணி வேறு. நான் பழையதைத் தூக்கிக்கொண்டு ஸ்கூடாய் பேருந்தில்.


நவம்பர் 18, செவ்வாய்.

மழை. பழையது இன்று மூன்று தரம் அணைந்தது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன், சேமிப்பதற்குள் போயிற்று. மறுபடி போட்டேன். சுவரைத் தொடவில்லை. தொட்டு என்ன பயன், எதை நம்பித் தொடுவது?

கவிதா: "புதுசு எங்க?"

"வீட்டுல. சாமி படத்துக்குக் கீழ."

"பூஜ போடுவீங்களா நீங்களும்?"

"ஒரு மாதிரி."

"நாங்களும் எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துவோம் லா. ஆனா அன்னைக்கே ஏத்திருவோம்."

அந்த 'அன்னைக்கே' என்னை நாள் முழுதும் குத்தியது.

பயப்படுபவை, எழுதிவைத்தால் குறையும் என்கிறார்கள்: திரையில் கோடு இருக்கும். ஆனே ஆகாது. ஆகும், ஆனால் எனக்குக் காட்டியது போல இருக்காது. எல்லாம் சரியாக இருக்கும், நான்தான் சரியாக இருக்க மாட்டேன்.

குறையவில்லை.


நவம்பர் 20, வியாழன்.

அப்பா போன். மாலை காஸ்வேயில், கொட்டுகிற மழையில் மோட்டார் நின்றுவிட்டதாம். பின்னால் ஆயிரம் மோட்டார்களின் ஹாரன். ஓரமாகத் தள்ளிக்கொண்டே சோதனைச்சாவடி வரை வந்திருக்கிறார். இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். போனில் யாரோ 'இந்தா துண்டு' என்கிற குரல், அப்பா தும்மினார்.

"சட்ட மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன். நீ அத விடு. சனிக்கிழம எத்தன மணிக்கு அந்தக் கடைய மூடுவான்?"

அவருக்கும் அந்தக் கெடு மனதில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை இத்தனை நாள்.

"எட்டு மணிப்பா."

"சரி."

போனை வைத்த பிறகு அழுதேன். லேப்டாப்புக்காக அல்ல. மழையில் தள்ளிக்கொண்டு வந்த அந்த மனிதரை நினைத்து. எனக்கு இதற்கெல்லாம் தகுதி இருக்கிறதா என்று யாராவது சொன்னால் தேவலை.


நவம்பர் 22, சனி. வீடு.

கோயிலில் நாளை கிறிஸ்து அரசர் திருவிழா. அம்மா காலையிலேயே பூ கட்டப் போய்விட்டார். கதவு சாத்தின சத்தம் கேட்டதும் அப்பா பேப்பரை மடித்தார்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிற. தொற."

லேஸ் துணியை எடுத்து மடித்துவைத்தேன். டேப்பைக் கத்தியால் கீறினேன். திருடுகிற மாதிரி இருந்தது. சாமி படத்தை நான் பார்க்கவில்லை.

ஆன் ஆயிற்று. கோடு இல்லை, புள்ளி இல்லை. பேட்டரி சுமார். விசைகள் எல்லாம் வேலை செய்கின்றன. மூச்சு வந்தது. பிறகு என் படத்தைத் திறந்தேன்.

ஈறு.

அதே ஈறு. மிஸ் டான் பார்த்தது, வகுப்பு பார்த்தது.

"ஸ்க்ரீன் சரியில்லப்பா. கடைல பாத்தது இப்படி இல்ல. மாத்தணும்."

அப்பா ஏற்கெனவே காடிச் சாவியோடு வாசலில் நின்றார். போய்விடலாம், நேரம் இருக்கிறது. செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது, நிற அட்டையை வைத்துப் பார்க்கவே இல்லை என்று. திரை கெட்டிருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

பின்வாசல் வெளிச்சத்துக்கு லேப்டாப்பைத் தூக்கிப்போய், தம்ப் டிரைவில் இருந்த நிறப் படத்தைத் திறந்து, அட்டையைப் பக்கத்தில் பிடித்தேன். கட்டம் கட்டமாக. எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. திரையில் கோளாறில்லை. இத்தனை நாளும் பழைய திரைதான் மஞ்சளைப் பூசி எனக்குக் கிரீம் காட்டியிருக்கிறது. மஞ்சளைக் கழித்தால் மிச்சம் ஈறு. என் கண் பார்த்தது சரி, பார்க்கக் கிடைத்ததுதான் பொய்.

அங்கேயே உட்கார்ந்து சுவரை மாற்றினேன். கொஞ்ச நேர வேலை. கிரீம். நிஜக் கிரீம்.

"போலாமா?"

"வேணாம்பா. நல்லாருக்கு."

"நல்லாருந்தா எதுக்கு அழுவுற? ஒன்ன வேணா மாத்திக் குடுப்பானா கேட்டுப் பாப்போம். இன்னைக்குத்தான் கடைசி நாளு."

சிரித்துக்கொண்டிருக்கும்போது அம்மா. கையில் மிச்சப் பூ. பெட்டியைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீயாத் தொறந்தியா, ஒங்கப்பா சொன்னாரா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "நான்தான்" என்றோம்.

அம்மா பூவை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். மத்தியானம் மீன் குழம்பு, முட்டை, அப்பளம். கோபமாக இருக்கும்போதுதான் இவ்வளவு சமைப்பார்.


நவம்பர் 23, ஞாயிறு.

பூசை முடிந்து எல்லாரும் வெளியே. மந்திரிக்க வரிசை: ஒரு புது மோட்டார், ஒரு கட்டு ஜெபமாலை, ஒரு குழந்தைத் தள்ளுவண்டி, நான். லேப்டாப்பை மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

ஃபாதர் மோட்டாருக்குத் தெளித்ததைப் பார்த்ததுமே கலங்கிவிட்டேன். வாரி இறைக்கிறார். இருக்கை, சக்கரம், விளக்கு, எல்லாம் சொட்டச் சொட்ட.

என் முறை. "மூடி வச்சிருந்தா எப்படிம்மா? தொற."

"பரவால்ல ஃபாதர், மேலயே..."

"தொற" என்றார் அம்மா. நேற்றிலிருந்து என்னோடு பேசிய முதல் வார்த்தை. மறுக்க முடியுமா?

திறந்தேன். தண்ணீர் பட்டுக் கெட்டால் பொறுப்பில்லை. மாற்றும் கெடு நேற்றோடு முடிந்தது. ஃபாதர் ஜெபம் சொல்லிக் கையை ஓங்கினார், நான் கண்ணை மூடிக்கொண்டேன். முகத்தில் நாலு துளி. மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று தெரிந்தே இருந்தது.

விசைகளுக்கிடையில் முத்து முத்தாகத் தீர்த்தம். துடைக்கக் கை எழுந்தது. "தீர்த்தத்த தொடைக்கக் கூடாது" என்று அம்மா பல்லைக் கடித்தபடி. தலைகீழாகக் கவிழ்க்கலாமா? ஆமென் சொல்வதா, கவிழ்ப்பதா? ஆமென் சொல்லிக்கொண்டே கவிழ்த்தேன். ஃபாதர் நான் வணங்குகிறேன் என்று நினைத்திருப்பார், தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்.

"குடு, காடில வைக்கிறேன்" என்று அப்பா வாங்கிப் போனார். எட்டிப் பார்த்தேன். காடிக் கதவுக்குப் பின்னால் குனிந்து, கைக்குட்டையால், ஒவ்வொரு விசையாக.

மாலை ஆன் செய்தேன். ஆயிற்று. அம்மா அருகில் நின்று பார்த்தார்.

"பாத்தியா" என்றார். அவ்வளவுதான். சமாதானம்.


நவம்பர் 24, திங்கள். ஸ்கூடாய்.

மூட்டமாக இருந்தது, பெய்யவில்லை. மிஸ் டான் பார்க்க வரும் நாள். புதுப் படத்தைப் போட்டுவிட்டு, பாராட்டுக்கு முகத்தைத் தயார் செய்துகொண்டு நின்றேன். வெட்கமாக இருக்கிறது எழுத.

வெகுநேரம் பார்த்தார்.

"நிறம் சரியாகிவிட்டது."

"புது லேப்டாப் மிஸ்."

"நல்லது. இப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது."

"என்ன மிஸ்?"

"இந்த அறையில் யாரும் இல்லை என்பது. யாருக்காக இதை வரைந்தாய்?"

குழந்தைகளுக்காக என்றேன். எந்தக் குழந்தை, எங்கே உட்காரும், என்ன செய்யும் என்று கேட்டார். திரை சரியில்லை என்று சொல்ல வாய் தானாகவே திறந்தது. மூடிக்கொண்டேன். தெரியவில்லை மிஸ் என்றேன். முதல் தடவையாக.

"போய்ப் பார்" என்றார். அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

கவிதா கடையில் தப்பாவ் கட்டிவந்த மீ கோரேங் சாப்பிடாமல் அப்படியே இருக்கிறது. உப்புச் சப்பில்லாத அறை. உண்மையான கிரீமில், எல்லா வெளிச்சத்தோடும், அருமையான திரையில் உப்புச் சப்பில்லாத அறை. அப்பா மோட்டாரைத் தள்ளியது இதற்குத்தானா? இரண்டு வாரத்தில் என்னதான் செய்ய முடியும்? பயமாக இருக்கிறது, இந்த முறை குறைசொல்ல ஒரு லேப்டாப்கூட இல்லாத பயம்.


நவம்பர் 26, புதன்.

மழை. லேப்டாப்பை அறையிலேயே விட்டுவிட்டு, பக்கத்துக் குடியிருப்புத் தாமானில் கடைவீட்டு மாடியில் இருக்கும் பல் மருத்துவமனைக்குப் போனேன். உட்கார்ந்து பார்க்கலாமா என்று முகப்புப் பெண்ணிடம் கேட்டேன்.

"பல் வலியா?"

"இல்லக்கா. படிக்கிறேன்."

"உக்காரு. ஏர்கோன் கொஞ்சம் ஜில்லுனு இருக்கும்."

சுவர் வெள்ளை. அழுக்கு வெள்ளை, ஓரிடத்தில் நீர்க்கறை. மீன்தொட்டி ஒன்று, மீன் இல்லாமல். குறித்துக்கொண்டேன்.

ஒரு சிறுமி அவள் அம்மாவோடு வந்தாள். ஆறு வயது இருக்கும், பள்ளிச் சீருடை, கன்னம் வீங்கி. அம்மா போனைக் கொடுத்தார், வாங்கவில்லை. மிட்டாய் தருகிறேன் என்றார், வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். சிரித்துப் பார்த்தேன், என்னைக் கண்டுகொள்ளவில்லை.

"எப்பம்மா தொறக்கும்?" என்று மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்டாள்.

நான் அவள் கண் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரை ஒரு தடவைகூட அவள் பார்க்கவில்லை. டாக்டர் அறைக் கதவு. அதைத்தான் பார்த்தாள், கண் கொட்டாமல், உள்ளே கூப்பிடும்வரை.

என் படத்தில் நாற்காலி எல்லாம் அந்தக் கதவைப் பார்த்துத்தான் கிடக்கின்றன. வரிசையாக. நான்தான் போட்டேன்.